வணிகப் பட்டமா, சட்டமும் சேர்ந்த பட்டமா?

(பழவேற்காடு ஏரிக் கிராமங்களின் நமது சங்க மகாசபையில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. பி.காம். அல்லது பி.பி.ஏ. என்னும் மூன்றாண்டு வணிகப் பட்டம் ஒன்றையே படிப்பதா, அன்றி அதனோடு சட்டத்தையும் சேர்த்து ஐந்தாண்டில் முடிக்கும் பி.காம். எல்எல்.பி. அல்லது பி.பி.ஏ. எல்எல்.பி. என்னும் இரட்டைப் பட்டத்தை நாடுவதா என்பதே அது. பரீக்ஷையின் முடிவு வெளிவந்த நாள் முதல் இவ்வினாவோடு என்னிடம் வந்த பெற்றோர் பலர். வந்தவருள் பெரும்பாலோர் விடையையும் தாமே கொண்டுவந்தனர். "இரண்டு பட்டம் ஒரே செலவில் கிடைக்கிறது, பிள்ளை வக்கீலாகவும் இருப்பான், இறால் வியாபாரமும் பார்ப்பான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பதே அவ்விடை. யோசிக்க மிகுதியும் உண்டு என்று காட்டவே இங்கு நிற்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வணிகமும் சட்டமும் நம் குலத்தாருக்குப் புதியவை என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் என்னும் மூன்று கிராமத்தாரும் வழிவழியாக நடத்திவந்த பாட்டுமுறையை நினைத்துப் பாருங்கள். ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில் வலை கட்டும் உரிமை இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வகுப்பதும், விவாகமான ஆண்மகனைத் தலைக்கட்டாகச் சேர்த்துப் பங்கு கொடுப்பதும், முறை பிசகியவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தி அபராதம் விதிப்பதும் சட்டம் அன்றி வேறு யாது? நல்ல இடமும் நலிந்த இடமும் எல்லார் கைக்கும் மாறி மாறி வரும்படி செய்த அக்கணக்கு, எந்தக் கலாசாலையிலும் வகுக்கப்பட்டதன்று. அம்முறையில் பெண்மக்களுக்குத் தலைக்கட்டு இல்லை என்பதும் உண்மையே. அதனைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்வேன்.

ஆயினும் நம் முறை எழுதா முறை. இக்காலத்தில் ஏரியின் கதியை நிர்ணயிப்பவையோ எழுதப்பட்ட காகிதங்கள். 1980ஆம் ஆண்டில் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை உண்டு என்று மாவட்ட ஆட்சியர் விசாரித்து வரையறுக்க வேண்டும் என்கிறது. அவ்விசாரணையில் உரிமையைக் கோருவோர் எழுத்து மூலமாகக் கோர வேண்டும். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இங்கே வலை கட்டுகிறோம்" என்று கரையில் நின்று சொல்வது சத்தியமே என்றாலும், அஃது எழுத்தில் ஏறாதவரை அதிகாரியின் மேசைக்கு வருவதில்லை.

இன்னொரு வரலாறும் நம் பிள்ளைகள் அறியத்தக்கது. 1990ஆம் ஆண்டுகளில் கீழைக் கடற்கரை எங்கும் இறால் பண்ணைகள் பெருகின. நிலம் உவர்ந்தது, கிணறு கெட்டது, கரைக்குச் செல்லும் வழிகள் வேலியிடப்பட்டன. காந்தியடிகளின் வழிநின்ற ஜகந்நாதன் அவர்கள் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் அவர்களை உள்ளிட்ட அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நம் ஏரியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சில்கா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை எதுவும் அமைக்கலாகாது என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. வழக்கைத் தொடுத்தவர் நம் குலத்தவர் அல்லர், வாதித்தவரும் அல்லர். பிறர் நமக்காகப் போராடிப் பெற்றுத் தந்த தீர்ப்பு அது. அவர்களுக்கு நாம் என்றும் நன்றியுடையோம்.

அதன் பின் நடந்தது யாது? 2005ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்புக்கென ஓர் ஆணையச் சட்டம் இயற்றியது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிக்கையிலிருந்த தடை அத்தொழிலைக் கட்டாது என்றும், ஆதியிலிருந்தே கட்டவில்லை எனக் கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. தீர்ப்புக்கு அடிப்படையாயிருந்த கல்லொன்று பெயர்க்கப்பட்டது. 2023இல் அச்சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. கடற்கரை அறிக்கையோ 1991இல் ஒருவிதம், 2011இல் ஒருவிதம், 2019இல் ஒருவிதம். நம்முடைய குப்பங்களில் எத்தனை வீடுகள் இம்மூன்றனுள் எதன் எல்லைக்குள் வருகின்றன என்று படம் பார்த்துச் சொல்லத்தக்கவர் இச்சபையில் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விஸ்தரிப்பைப் பற்றி நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் அத்திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் 2021 ஜனவரியில் குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மீண்டும் குறிக்கப்பட்டு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. அத்திட்டம் நன்றா தீதா என்று விவாதிக்க யான் இங்கு வரவில்லை. சங்கத்தின் கருத்து முன்னமே தெரிந்தது. யான் சொல்ல வந்தது வேறு. 2006ஆம் ஆண்டு விதியின்படி இத்தகைய கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை நாட்டுமொழியில் தர வேண்டும். ஆனால் முழு அறிக்கை ஆங்கிலத்தில் பலநூறு பக்கங்கள் கொண்டது. ஆட்சேபம் எழுதத்தக்க செய்திகள் உள்ளே கிடப்பவை அதில்தான். முப்பது நாளில் அதனைப் படித்து, நீரோட்டக் கணக்கு எங்கே, முகத்துவாரம் அடைபடுவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், மீன்பிடிப்போர் தொகையை எவ்விதம் எண்ணினார்கள் என்று குறிப்பெடுத்துத் தமிழில் நமக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவர் ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்தே வர வேண்டுமா?

இதுகாறும் சட்டத்தின் பக்கமே பேசினேன். வணிகத்தின் பக்கம் நமக்கு உள்ள குறையும் அதற்கு இளைத்ததன்று. வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரி முன்பணம் தருகிறார். முன்பணம் வாங்கியவன் பிடித்த இறாலையும் சேற்று நண்டையும் அவர் சொன்ன விலைக்கே அவரிடம் போட வேண்டும். முதல் அடையாதவரை இக்கட்டு அவிழ்வதில்லை; விலை குறைவாதலால் முதலும் அடைவதில்லை. வியாபாரியைப் பழிப்பதில் பயனில்லை. ஆபத்துக் காலத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டினால் பணம் தருபவரும் அவரே. எடை, தரம், கழிவு, தள்ளுபடி, சென்னையிலும் அயல்நாட்டிலும் அன்றைய விலை ஆகிய இவற்றைக் கணக்கிட்டு எதிரில் உட்கார்ந்து பேசத்தக்கவர் நம்மிடம் இல்லை என்பதே குறை. கன்னியாகுமரிக் கடற்கரையிலும் திருவனந்தபுரக் கரையிலும் மீனவர்கள் தாமே விற்பனைச் சங்கங்கள் கண்டு, கரையில் ஏலத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அச்சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்னும் பெயரால் ஒன்றுபட்டன. பிடித்ததை விற்பதும், விற்ற பணத்திலிருந்து கடனைப் பிடிப்பதும், சேமிப்பை ஒதுக்குவதும் ஓரிடத்திலேயே நடக்கும்படி அவர்கள் செய்த ஏற்பாட்டை நம் வணிகப் பட்டதாரிகள் நேரில் சென்று பார்த்துவர வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. ஒழுங்காகப் பேரேடு எழுதத் தெரிந்த நாணயமான ஒருவர் போதும்.

ஆகவே ஏரிக்கு இருவரும் தேவை. ஒரே பிள்ளை இருவராகவும் ஆகலாமே என்று இரட்டைப் பட்டத்தை நாடும் பெற்றோர் கருதுகின்றனர். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

சட்டம் படித்தவர் எல்லாரும் வக்கீல் அல்லர். படித்துத் தேறியபின் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிந்துகொண்டவரே வக்கீல். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்திய வழக்கறிஞர் மன்றம் வகுத்த நடத்தை விதிகளுள் 47ஆவது விதி ஒன்று உண்டு. வக்கீலாகப் பதிந்தவர் தாமே முன்னின்று எந்த வியாபாரமும் நடத்தலாகாது என்பது அதன் கருத்து. முதல் போட்டுவிட்டு நடத்தையில் கலவாத பங்காளியாக இருக்கலாம். அதுவும் அத்தொழில் வக்கீல் பதவியின் கௌரவத்துக்கு ஒவ்வாததன்று என்று மன்றம் கருதினால்தான். தகப்பன் நடத்திய தொழில் வாரிசாக வந்தாலும் அதன் நிர்வாகத்தில் நேரே தலையிடலாகாது. 49ஆவது விதியோ, முழுநேரச் சம்பள உத்தியோகத்தையும் பொதுவாக விலக்குகிறது. காலையில் நீதிமன்றம், மாலையில் ஏலக்கூடம் என்று நம் தாய்மார்கள் காணும் கனவு, விதி அனுமதியாத கனவு. இரண்டு பட்டம் ஒரே காகிதத்தில் வரலாம். இரண்டு ஜீவனம் ஒரே ஆளுக்கு வாரா.

அப்படியானால் இரட்டைப் பட்டத்தால் பிரயோஜனம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வக்கீலாகப் போகிறவருக்குக் கணக்கும் கம்பெனி நடைமுறையும் தெரிந்திருப்பது பெரும் பலம். வங்கிக் கடன் வழக்கு, காப்புறுதி வழக்கு, கூட்டுறவுச் சங்க வழக்கு, நஷ்டஈட்டு வழக்கு ஆகிய எல்லாவற்றிலும் எண்களே சாட்சிகள். படகு கவிழ்ந்தவனுக்கும், எண்ணெய்க் கசிவால் பிடிப்பு இழந்தவனுக்கும் எவ்வளவு தொகை சேர வேண்டும் என்று கணக்குக் காட்டத் தெரியாத வக்கீல், நியாயம் நம் பக்கம் இருந்தும் குறைந்த தொகையையே வாங்கித் தருவார். இரட்டைப் பட்டம் வக்கீலாகவோ கம்பெனியின் சட்டப் பகுதியில் உத்தியோகஸ்தராகவோ ஆக விரும்புகிறவருக்கு உரியது. வியாபாரியாக விரும்புகிறவனுக்கு அது இரண்டாண்டு வீண். பி.காம். படிப்பிலேயே ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம், கம்பெனிச் சட்டம் ஆகியவற்றின் சாரம் வந்துவிடுகிறது. அவன் தொழிலுக்கு அஃது அநேகமாகப் போதும்.

இனி, எந்தப் பிராஸ்பெக்டஸிலும் தடித்த எழுத்தில் காணப்படாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி, ஒருங்கிணைந்த ஐந்தாண்டுப் படிப்பை நடுவில் பிளக்க இயலாது. மூன்றாண்டு முடிந்ததும் "எனக்குப் பி.காம். பட்டத்தை மட்டும் கொடுங்கள், போகிறேன்" என்று கேட்டால் கிடைக்காது. நான்காம் ஆண்டின் முடிவில் நின்றவனும் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவனே. அதேபோல், வேறிடத்தில் பட்டம் பெற்றவன் நடுவில் வந்து சேரவும் முடியாது.

பட்டணத்து உத்தியோகஸ்தர் வீட்டுக்கு இவ்விதி ஒரு பொருட்டன்று. நம் வீட்டுக்கு? முகத்துவாரம் மண்மூடி ஏரியில் உப்பும் ஓட்டமும் கெட்ட வருஷம் ஒன்று வந்தால் போதும். தகப்பன் நோயில் விழுந்தால் போதும். புயலில் படகு ஒன்று போனால் போதும். முதலில் நிற்பது மூத்த பிள்ளையின் படிப்பே. பொன்னேரியிலுள்ள லோகநாத நாராயணசாமி அரசினர் கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வருகிறான். கஷ்டப்பட்டேனும் மூன்றாண்டில் பட்டத்தைக் கையில் வாங்கிவிடுகிறான். அப்பட்டத்தோடு பின்னர் மூன்றாண்டு எல்எல்.பி. சேரலாம். மொத்தம் ஆறாண்டு, இரட்டைப் படிப்பைவிட ஓராண்டு மிகுதி. அவ்வோராண்டு நஷ்டம் என்று எண்ணுகிறவர்கள், நடுவில் இறங்குதுறை ஒன்று இருப்பதன் மதிப்பையும் எண்ண வேண்டும். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவன் வேலைக்குப் போய், இரண்டாண்டு சம்பாதித்து, தங்கையின் விவாகத்தை முடித்துவிட்டும் சட்டம் படிக்கச் செல்லலாம்.

அப்படிப் பிந்திச் சென்றவர்களுள் தலையாயவர் நம் கடற்கரை தந்த சிங்காரவேலர். 1860இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர், 1907இல்தான் உயர் நீதிமன்ற வக்கீலானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அவர் குடும்பம் வணிகக் குடும்பம் என்பதும் கவனிக்கத்தக்கது. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது அத்தொழிலைத் துறந்தார். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் அவர் தொழிலாளர் தினம் கொண்டாடியதை உலகம் அறியும். அவர் தொகுத்து வைத்திருந்த பெரும் புத்தகசாலையைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பீர்கள். அவ்வளவு வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆயினும் வயது கடந்துவிட்டது என்று சொல்பவரிடம் அவர் பெயரைச் சொல்லலாம்.

ஆனால் யான் சொன்ன கணக்கு ஆண்பிள்ளைகளுக்கே முற்றும் பொருந்தும். பெண்பிள்ளையின் விஷயத்தில் கணக்குத் தலைகீழாகிறது. நம் வீடுகளில் பெண் பட்டம் பெற்ற நாளே படிப்பின் கடைசி நாள். "பி.காம். முடித்துவிட்டாள், வரன் பாருங்கள்" என்ற பேச்சு பரீக்ஷை முடிவு வருமுன்னரே எழுந்துவிடுகிறது. மூன்றாண்டின் முடிவில் உள்ள அந்த இறங்குதுறை ஆண்பிள்ளைக்கு அடைக்கலம். பெண்பிள்ளைக்கோ அதுவே அவளை இறக்கிவிடும் இடம். சட்டம் படிக்க மனமுள்ள பெண்ணை ஐந்தாண்டுப் படிப்பில் ஒரே முறையாகச் சேர்த்துவிட்டால், நடுவில் நிறுத்தினால் ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சமே பெற்றோரைத் தடுத்து நிறுத்தும். விதியின் கடுமை அவளுக்குக் காப்பாகிறது. பாட்டில் தலைக்கட்டு இல்லாத நம் பெண்மக்கள், கூடையில் மீன் சுமந்து சந்தையில் விற்று வீட்டை நடத்துகிறவர்கள். அவர்கள் வழக்கைத் தம் வழக்காக உணர்ந்து பேசப் பெண் வக்கீல்கள் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதில் சில பெரியவர்களுக்குச் சம்மதம் இராது என்பதும் எனக்குத் தெரியும்.

சேர்க்கையின் விவரங்களைச் சுருங்கச் சொல்வேன். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதன் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம். எல்எல்.பி., பி.பி.ஏ. எல்எல்.பி. ஆகிய ஐந்தாண்டு ஹானர்ஸ் படிப்புகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அங்குச் சேர்க்கைக்கு அளவு. திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ தனிப் பொதுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பதினோராம் வகுப்பிலேயே ஆயத்தம் தொடங்காதவர் ஆசைப்படுவதில் பயனில்லை. 1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டு இரண்டாகப் பிரிந்து சென்றது. அவ்விரண்டில் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பட்டரைப்பெரும்புதூரில் இருக்கிறது. மாவட்டம் நமதே என்றாலும் ஊர் திருவள்ளூருக்கும் அப்பால். நாள்தோறும் போய்வர இயலாது, விடுதி வேண்டும்.

நம் குலத்தார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளோர்; அப்பட்டியலுக்கு 1989 முதல் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அரசினர் பள்ளியில் படித்தவருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. அதில் சட்டமும் மீன்வளமும் அடங்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்னும் சான்றிதழையும், சாதிச் சான்றிதழையும் முடிவு வருமுன்னரே வாங்கி வைக்க வேண்டும். கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பது நம் வழக்கமாகிவிட்டது. அரசினர் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை ஏற்பட்டது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். புத்தகம் என்றதும் ஒரு குறிப்பு. 2024 ஜூலை முதல் நாள் தொடங்கித் தண்டனைச் சட்டம், குற்ற நடைமுறை, சாட்சியம் மூன்றும் புதிய சட்டங்களாக மாறிவிட்டன. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கவுரையை வாங்கிவிடாதீர்கள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. பள்ளியை நடுவில் விட்டுக் கடலுக்குப் போன இளைஞர் சிலர், பன்னிரண்டாம் வகுப்புத் தேறாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஊக்கம் போற்றத்தக்கது. ஆனால் அப்பட்டம் கொண்டு சட்டப் படிப்பில் சேர விதி இடம் தருவதில்லை. சட்டம் படிக்க எண்ணமுள்ளவர் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முறையே முடித்த பின்னரே பட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

தேறிய பின்பு என்ன? வக்கீலாகப் பதிவதற்குப் பெருந்தொகை கேட்கிறார்கள் என்ற அச்சம் முன்னர் இருந்தது. 2024 ஜூலை 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் கண்ட 750 ரூபாய்க்கு மேல் மாநில மன்றங்கள் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். பதிந்தபின் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் வரும் இரண்டு மூன்று ஆண்டுகளே கொடிய ஆண்டுகள். மூத்த வக்கீலிடம் இளையவராக இருக்கும் அக்காலத்தில் கையில் வருவது சொற்பம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் இளையவருக்குத் தர வேண்டும் என்று கூறிற்று. நீதிமன்றம் கூறிற்று என்பதற்காகவே நாளை எல்லா மூத்தவரும் தந்துவிடுவர் என்று கணக்கிட்டுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நீதிபதி பதவியை நோக்குவோரும், முதற்படியான சிவில் நீதிபதித் தேர்வுக்கே மூன்றாண்டு வக்கீல் அநுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்ததை அறிந்திருக்க வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இரட்டைப் பட்டத்துக்கு ஐந்தாண்டு; வருவாய் தக்கபடி வர மேலும் மூன்றாண்டு. எட்டாண்டு தாங்கத்தக்க வீடா நம் வீடு என்பதே முதல் வினா. பிள்ளை இருபத்தைந்தாம் வயதில் எந்த வேலையில் உட்கார்ந்திருக்க விரும்புகிறான் என்பது இரண்டாம் வினா. மதிப்பெண் மூன்றாவது. நாமோ மதிப்பெண்ணிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். வியாபாரத்தில் நாட்டமுள்ள பிள்ளையைப் பி.காம். அல்லது பி.பி.ஏ. படிக்கவிடுங்கள்; மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வள வணிக நிர்வாகத்துக்கென்றே உள்ள பி.பி.ஏ. படிப்பையும் விசாரியுங்கள். சட்டத்தில் நாட்டமுண்டு, வீட்டின் நிலையோ நிச்சயமில்லை என்றால் பொன்னேரியில் பி.காம்., அதன்பின் எல்எல்.பி. நாட்டமும் உறுதி, வீடும் தாங்கும், அல்லது பிள்ளை பெண் என்றால் ஐந்தாண்டுப் படிப்பு.

வீடு தாங்காத இடத்தில் சங்கம் தாங்க வேண்டும் என்பது பற்றி முடிவாக ஒரு பிரேரணை. நம் கல்வி நிதி இதுவரை ஒரு மாணவருக்கு மூன்றாண்டு என்ற கணக்கிலேயே உதவி வருகிறது. பட்டம் என்றால் மூன்றாண்டு என்றிருந்த காலத்தில் அது சரியே. இனி சட்டம் படிப்போருக்கு அதனை ஐந்து அல்லது ஆறாண்டாக நீட்ட வேண்டும். பதிவு செய்துகொண்ட பின்னும் இரண்டாண்டு மாதந்தோறும் ஒரு தொகை தர வேண்டும். நிதி போதாதெனில் உதவி பெறுவோர் தொகையைக் குறைப்போம். பாதியில் விடும் உதவி பலருக்குத் தருவதைக் காட்டிலும் முடிவு வரை செல்லும் உதவி சிலருக்குத் தருவது நன்று என்பது என் கருத்து. இதனை மறுப்பவர் இருக்கலாம். அவர்கள் பேச வேண்டும்.

உதவி பெறுபவரிடம் நாம் ஒன்று கேட்கலாம். சட்டம் படிப்பவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு வந்து, ஏரியைப் பற்றி அம்மாதம் வெளியான அறிவிப்புகளைத் தமிழில் படித்துச் சொல்லட்டும். வணிகம் படிப்பவர் அதே நாளில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையும், வியாபாரியிடம் உள்ள முன்பணச் சீட்டுகளையும் பார்த்து, யாருக்கு எவ்வளவு நிலுவை என்று எழுதித் தரட்டும். இப்பிரேரணையைக் காரியதரிசியவர்களிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மத்தியான உணவுக்குப் பின் கூடும் அமர்வில் அதனை வோட்டுக்கு விடும்படி அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டுகிறேன்.